பழைய ஜேசிபியை வீட்டிலேயே பழுதுபார்க்கலாமா: பம்பை மாற்றுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

மணலி புதுநகரில் உங்கள் வீட்டை ஒட்டிய காலிமனையில், தந்தையார் விட்டுச்சென்ற ஏறத்தாழ இருபதாண்டுப் பழைய ஜேசிபி நிற்கிறது என்றும், அதை விற்க மனமில்லாமல் நீங்களே பழுதுபார்த்து ஓட்ட விரும்புகிறீர்கள் என்றும் கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். வேலை தொடங்கி ஒரு மணி நேரத்தில் எல்லா அசைவும் மந்தமாகிவிடுகிறது. தூக்கி நிறுத்திய முன்பக்க லோடர் கையும், பின்பக்கத் தோண்டும் கையான பூமும் தாமாகவே இறங்குகின்றன. ஒரு சிலிண்டரில் ஆயில் ஒழுகுகிறது. பக்கெட் கடகடவென ஆடுகிறது. பார்க்க வந்த மெக்கானிக், ஆயிலை அழுத்தித் தள்ளும் ஹைட்ராலிக் பம்பை மாற்றச் சொல்லிவிட்டார். மாற்றலாமா, இவற்றில் எதை வீட்டிலேயே செய்யலாம் என்பவை உங்கள் கேள்விகள். வடசென்னைப் பட்டறைகளில் இவ்வகை வண்டிகளோடு முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்தவன் என்ற முறையில் சற்று விரிவாகவே பதில் சொல்கிறேன்.

முதலில் பம்பை மாற்றாதீர்கள். அது கெட்டிருக்கவும் கூடும். ஆனால் ஓர் அழுத்தமானியைக்கூடப் பொருத்திப் பார்க்காமல் சொல்லப்பட்ட முடிவு அது. நம் ஊரில் ஹைட்ராலிக் வேலை பெரும்பாலும் ஊகத்தில்தான் நடக்கிறது. பம்பை மாற்றி, சரியாகாமல் சீல் கிட் (ஆயில் கசியாமல் தடுக்கும் வளையங்களின் தொகுப்பு) மாற்றி, அதிலும் சரியாகாமல், லீவருக்கேற்ப ஆயிலைத் திருப்பிவிடும் கன்ட்ரோல் வால்வைக் கழற்றி, மூன்றாவது செலவில் உண்மையான காரணம் தெரியவரும். நானூறு பார் (அழுத்த அலகு) வரை காட்டும், கிளிசரின் நிரப்பிய ஒரு மானியும், அதற்குரிய இணைப்பும், ஒரு நிறுத்துக்கடிகாரமும், ஒரு வெர்னியர் காலிப்பரும் இருந்தால் இந்த ஊகத்தில் பெரும்பகுதி ஒழிந்துவிடும். வீட்டில் வேலை செய்பவருக்கு நேரம் இருக்கிறது. அளந்து பார்ப்பதற்கு வேண்டியது அதுதான்.

கழற்றுவதற்கு முன் உயிரைப் பற்றி ஒரு பத்தி. இயங்கும் ஹைட்ராலிக் அமைப்பில் அழுத்தம் இருநூறு பாரைத் தாண்டும். ஹோஸில் ஊசிமுனை அளவு துளை விழுந்திருந்தால், அதிலிருந்து பீய்ச்சும் ஆயில் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. கையுறையையும் தோலையும் துளைத்து உள்ளே போய்விடும். ஆகவே கசிவைக் கையால் தடவித் தேடவே கூடாது. அட்டைத் துண்டு ஒன்றை ஹோஸ் அருகே பிடித்து, அதில் ஈரம் படுகிறதா என்று பாருங்கள். ஆயில் புகுந்த காயம் முள் குத்தியது போல் சிறிதாக இருக்கும், முதலில் வலிக்கவும் வலிக்காது. ஆனால் சில மணி நேரத்துக்குள் அறுவைச் சிகிச்சை செய்யாவிட்டால் விரலையோ கையையோ இழக்க நேரிடும். என்னுடன் வேலை செய்த ஒருவர் மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டு மறுநாளும் வேலைக்கு வந்தார், விரல் போயிற்று. இப்படி நேர்ந்தால் தெருமுனைக் கிளினிக்கில் ஊசி போட்டுக்கொண்டு காத்திருக்காதீர்கள். மருத்துவர் ஆர். வெங்கடசாமி உருவாக்கிய கை அறுவைச் சிகிச்சைப் பிரிவு நம் ராயபுரம் பக்கத்து ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலேயே இருக்கிறது. நேராக அங்கே சென்று, அழுத்தத்தில் ஆயில் உள்ளே போயிருக்கிறது என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

எந்த இணைப்பைத் தளர்த்துவதானாலும் பக்கெட்டுகளைத் தரையில் ஊன்றி, எஞ்சினை நிறுத்தி, எல்லா லீவர்களையும் இரு பக்கமும் சில முறை ஆட்டி, தேங்கிய அழுத்தத்தை வெளியேற்றிவிடுங்கள். பின்பக்க ஊன்றுகால்களின் சிலிண்டர்களில் பூட்டு வால்வு இருப்பதால், லீவரை ஆட்டினாலும் அவற்றுக்குள் அழுத்தம் நிற்கக்கூடும். அங்கே இன்னும் நிதானம் தேவை. லோடர் கையைத் தூக்கி வைத்து அடியில் வேலை செய்வதானால் சிலிண்டரிலிருந்து நீளும் கம்பியான ராடின் மேல் மாட்டும் இரும்புத் தாங்கியைப் பூட்டியே ஆக வேண்டும். அது பல பழைய வண்டிகளில் காணாமல் போயிருக்கும். காணவில்லையென்றால் முதல் செலவு அதற்கே. செங்கலும் ஹாலோ பிளாக்கும் முட்டுக்கொடுக்க உதவா, திடீரென நொறுங்கும். பழைய ரயில் ஸ்லீப்பர் கட்டைகள் மரக்கடைகளில் இன்னும் கிடைக்கின்றன.

இனி மந்தத்துக்கு வருவோம். எல்லா அசைவுகளும் ஒன்றாக மந்தமாகின்றன என்றால் கோளாறு அனைத்துக்கும் பொதுவான இடத்தில் இருக்கிறது: டேங்கில் உள்ள ஆயில், உறிஞ்சும் வலை, பம்பு, அழுத்தம் எல்லை மீறாமல் ஆயிலைத் திறந்துவிடும் மெயின் ரிலீஃப் வால்வு ஆகியவற்றில் ஒன்று. ஒரே ஓர் அசைவு மட்டும் மந்தமாக இருந்திருந்தால் அந்தச் சிலிண்டரையும் கன்ட்ரோல் வால்வுக்குள் அதற்கு ஆயிலைத் திறந்து மூடும் நகர்தண்டான ஸ்பூலையும் பார்த்தால் போதும். முதலில் டேங்க் மூடியைத் திறந்து ஆயிலைப் பாருங்கள். பால் கலந்தது போல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. நுரைத்திருந்தால் காற்று புகுகிறது. பெரும்பாலும் டேங்கிலிருந்து பம்புக்கு வரும் உறிஞ்சு ஹோஸின் கிளிப் தளர்ந்திருக்கும். இந்த இடம் எஞ்சின் ஓடும்போது ஆயிலை வெளியே விடாது, காற்றைத்தான் உள்ளே இழுக்கும். அதனால் சொட்டும் ஈரத்தைத் தேடுபவர் கண்ணில் படாது. கறுத்துக் கருகிய வாடை அடித்தால் ஆயில் பலமுறை அளவுக்கு மீறிச் சூடாகியிருக்கிறது. ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் ஆயில் கூலரின் துடுப்புகளில் மண்ணும் பஞ்சும் அடைந்திருக்கிறதா என்று பார்த்து, உள்ளிருந்து வெளிப்பக்கமாக மெதுவான நீரில் கழுவுங்கள்.

அடுத்து, காலையில் ஆயில் குளிர்ந்திருக்கும்போது எஞ்சினை ஒரே வேகத்தில் வைத்து, காலி லோடர் கை தரையிலிருந்து உச்சிக்குப் போக எத்தனை விநாடி ஆகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேர வேலைக்குப் பிறகு அதே எஞ்சின் வேகத்தில் மீண்டும் அளந்து பாருங்கள். சூடான ஆயில் நீர்த்துவிடுவதால் தேய்ந்த பம்புக்குள் அது பின்னோக்கி வழியும். எனவே குளிரில் நன்றாகவும் சூட்டில் கணிசமாக மெதுவாகவும் இருந்தால் பம்பின் மீது ஐயம் கொள்ள நியாயம் உண்டு. குளிரிலேயே மெதுவாக இருந்து பம்பு முனகினால் டேங்குக்குள் இருக்கும் உறிஞ்சு வலை அடைத்திருக்கவே வாய்ப்பு அதிகம். அதைக் கழுவ பம்பின் விலையில் நூற்றில் ஒரு பங்குகூட ஆகாது. பிறகு மானியைச் சோதனை வாயில் பொருத்தி, பக்கெட் சிலிண்டரை முனையில் முட்டவிட்டு, ஓரிரு விநாடி மட்டும் லீவரைப் பிடித்து அழுத்தத்தைப் பாருங்கள். உங்கள் மாடலுக்குரிய எண்ணைச் சர்வீஸ் புத்தகத்தில் பார்த்து ஒப்பிடுங்கள். குறைவாக இருந்தால் உடனே ரிலீஃப் வால்வின் திருகை முறுக்கத் தோன்றும். மானி இல்லாமல் அந்தத் திருகைத் தொடுகிறவரை வண்டிப் பக்கமே விடாதீர்கள். அழுத்தத்தை அளவுக்கு மேல் ஏற்றினால் இரண்டு நாள் வண்டி துள்ளி விளையாடும், மூன்றாம் நாள் ஹோஸ் வெடிக்கும். பெரும்பாலும் அந்த வால்வின் இருக்கையில் ஒரு தூசியோ, உடைந்த ஓ-ரிங் (ரப்பர் வளையம்) துணுக்கோ சிக்கியிருக்கும். கழற்றிக் கழுவி மாட்டினால் அழுத்தம் திரும்பிவிடும்.

தூக்கிய கை தானாக இறங்குவது பற்றி எல்லோரும் ஒரே பதில்தான் சொல்வார்கள்: சிலிண்டர் சீல் போய்விட்டது. நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நம்பி, ஒரு லோடர் சிலிண்டருக்கு இரண்டு முறை கிட் மாற்றி, உரிமையாளரிடம் திட்டு வாங்கினேன். இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். லோடர் கை இறங்க வேண்டுமானால் ராடு சிலிண்டருக்குள் நுழைய வேண்டும். நுழையும் ராடு தன் பருமன் அளவுக்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். அந்த அளவு ஆயில் வெளியேறியாக வேண்டும். லீவர் நடுநிலையில் இருக்கும்போது சிலிண்டரின் இரு வாய்களும் அடைபட்டிருக்குமானால், ராடின் உள்முனையில் இருக்கும் பிஸ்டனின் சீல் முழுவதும் கிழிந்திருந்தாலும் ஆயில் ஓர் அறையிலிருந்து மற்றோர் அறைக்குப் போகுமே தவிர வெளியே போக வழியில்லை. கை சற்று அமிழ்ந்து நின்றுவிடும். ஆக, லோடர் கை தொடர்ந்து இறங்குகிறதென்றால் ஆயில் ஸ்பூல் வழியாகவோ, அந்தப் பகுதியின் ரிலீஃப் வால்வு வழியாகவோ, வெளிக்கசிவாகவோ சிலிண்டரைவிட்டுப் போய்க்கொண்டிருக்கிறது. ஒரு சிக்கல் உண்டு. சீலும் கிழிந்திருந்தால் சுமையைத் தாங்கும் பரப்பு முழுப் பிஸ்டனிலிருந்து ராடின் குறுக்குப் பரப்புக்குச் சுருங்கிவிடும். நூறு மில்லிமீட்டர் பிஸ்டனும் அறுபது மில்லிமீட்டர் ராடும் இருந்தால், உள்ளே அழுத்தம் ஏறத்தாழ 2.8 மடங்காகும். அந்த அழுத்தத்தில், சாதாரணமாகக் கசியாத ஸ்பூலும் கசியும்.

ராடு வெளியே இழுபடும் வகையில் சுமை தொங்கும் சிலிண்டருக்குக் கதை வேறு. அங்கே ராடு வெளியேறும்போது உள்ளே இடம் கூடுகிறதே தவிரக் குறைவதில்லை. எனவே சீல் கசிந்தால் மட்டுமே போதும், வால்வு எவ்வளவு நன்றாக இருந்தாலும் கை இறங்கும். உங்கள் பின்பக்கப் பூம் இறங்கும்போது ராடு உள்ளே போகிறதா வெளியே வருகிறதா என்று சாக்குக்கட்டியால் ஒரு கோடு போட்டுப் பாருங்கள்; பாதி விடை அதிலேயே இருக்கிறது. மீதியை உறுதிப்படுத்த, சுமையைக் கட்டைமேல் இறக்கிவிட்டு, சிலிண்டர் ஏதாவதொரு முனையில் முட்டி நிற்கும் நிலையில் எஞ்சினை நிறுத்தி அழுத்தத்தை வெளியேற்றி, திரும்பும் பக்கத்து ஹோஸைக் கழற்றுங்கள். ஹோஸ் முனையை இரும்பு மூடியால் அடைத்து, சிலிண்டர் வாய்க்குக் கீழே பாத்திரம் வைத்து விலகி நின்று, உதவியாளர் மெதுவான எஞ்சின் ஓட்டத்தில் அதே முனைப்பக்கம் லீவரைத் தள்ளட்டும். திறந்த வாயில் ஆயில் தொடர்ந்து வந்தால் பிஸ்டன் சீல் போயிற்று. முதலில் தேங்கியிருந்தது சொட்டி நின்றுவிட்டால் சிலிண்டர் குற்றமற்றது.

ஒழுகும் சிலிண்டருக்கு இந்த ஆராய்ச்சியெல்லாம் தேவையில்லை, கழற்றத்தான் வேண்டும். ஆனால் கிட் வாங்கும் முன் ராடைத் துணியால் துடைத்து நகத்தால் நெடுகக் கீறிப் பாருங்கள். எண்ணூரிலிருந்து திருவொற்றியூர் வரை உப்புக்காற்றில் நிற்கும் வண்டிகளின் ராடுகளில் குரோம் பூச்சுக்கு அடியில் துரு கிளம்பிச் சிறு குழிகள் விழுந்திருக்கும். நகம் தட்டுப்படும் ஒவ்வொரு குழியும் புதிய சீலைச் சீவும் கத்தி. அந்த ராடில் எத்தனை விலை உயர்ந்த கிட் போட்டாலும் சில வாரங்களில் மீண்டும் ஒழுகும். ஒன்றிரண்டு குழிகளை எண்ணெய்க்கல்லால் விளிம்பு மழுக்கிச் சிறிது காலம் ஓட்டலாம். நிறைய இருந்தால் ராடைக் கழற்றி, அம்பத்தூர்ப் பக்கம் ஹார்ட் குரோம் போடும் பட்டறைக்கு அனுப்பிச் சாணை பிடித்து வாங்குவதுதான் வழி. இது வீட்டு வேலை அல்ல.

சிலிண்டரைப் பிரிப்பது வீட்டு வேலைதான், ஆனால் காலிமனைப் புழுதியில் அல்ல. தார்ப்பாய் விரித்து, மேசைமேல் சுத்தமான பனியன் துணி போட்டு, ஹோஸ் முனைகளையெல்லாம் மூடியிட்டு அடைத்தபின் தொடங்குங்கள். பழைய சீல் எந்தத் திசை பார்த்து உட்கார்ந்திருந்தது என்று கழற்றுவதற்கு முன்பே படம் எடுத்துக்கொள்ளுங்கள். சீலின் உதடு அழுத்தம் வரும் பக்கத்தைப் பார்க்க வேண்டும், தலைகீழாகப் போட்டால் முதல் நாளே ஒழுகும். புதிய சீலை வெதுவெதுப்பான ஆயிலில் சிறிது நேரம் ஊறவைத்தால் பள்ளத்தில் உட்காரும். மரை விளிம்பைத் தாண்டும்போதுதான் பெரும்பாலான புதுச் சீல்கள் அறுபடுகின்றன. மரையின்மேல் பிளாஸ்டிக் தாள் சுற்றித் தாண்டவிடுங்கள். பிஸ்டன் நட்டை, முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால், புத்தகத்தில் உள்ள அளவுக்கு முறுக்க வேண்டும். அது நடுவழியில் கழன்றால் சிலிண்டரே வீண். சீல், ஓ-ரிங், ஃபிட்டிங் எல்லாவற்றுக்கும் பழைய மாதிரியைக் கையில் எடுத்துக்கொண்டு பாரிமுனைத் தெருக்களுக்குப் போனால் கிடைக்கும். ஹோஸ்களுக்கு மாதவரம் பக்கத்திலேயே அழுத்தி முனை போட்டுத் தரும் கடைகள் உண்டு. நீளத்தை மட்டுமல்லாமல் இரு முனைகளின் கோணத்தையும் பழைய ஹோஸில் குறித்துக்கொண்டு போங்கள்.

பழைய வண்டி என்று கவலைப்பட வேண்டாம். 1979-இல் ஹரியானாவின் பல்லப்கரில் தயாரிப்பு தொடங்கியதிலிருந்து இந்த வண்டி நாடு முழுவதும் பரவி, பின்பக்கம் தோண்டும் கை கொண்ட பேக்ஹோ வண்டியை யார் தயாரித்திருந்தாலும் ஜேசிபி என்றே மக்கள் அழைக்கும் அளவுக்குப் போய்விட்டது. ஆகவே இருபது வயது வண்டிக்கும் உதிரிபாகம் கிடைக்கும். போலிதான் அதிகம் கிடைக்கும் என்பது வேறு விஷயம்.

பக்கெட் ஆடுவதற்குக் காரணம் மூட்டுகளைக் கோக்கும் இரும்புத் தண்டான பின்னும், அது சுழலும் உள்வளையமான புஷ்ஷும் தேய்ந்திருப்பது. பின்னைக் கழற்றி, தேயாத ஓரத்திலும் தேய்ந்த நடுவிலும் வெர்னியரால் அளந்து பாருங்கள். ஒரு மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் பின்னையும் புஷ்ஷையும் சேர்த்தே மாற்றுவேன். பழைய புஷ்ஷில் புதுப் பின் போடுவது காசைக் கொடுத்து ஆட்டத்தைத் தள்ளிப்போடுவது மட்டுமே. புதுப் புஷ்ஷைச் சம்மட்டியால் அடித்து ஏற்றாதீர்கள். ஒரு இரவு ஃப்ரீசரில் வைத்து, இருக்கையை லேசாகச் சூடேற்றி, நீண்ட மரைக்கம்பியும் இரண்டு தடித்த வாஷரும் கொண்டு நட்டை முறுக்கி இழுத்தால் நேராக ஏறும். கடினப்படுத்திய பின்னை நேரடியாகச் சம்மட்டியால் அடித்தால் சில்லு தெறித்துக் கண்ணில் பாயும். நடுவில் செம்புத் துண்டு வையுங்கள், கண்ணாடி அணியுங்கள். புஷ் தன் இருக்கைக்குள்ளேயே சுழன்று துளை கோழிமுட்டை வடிவமாகியிருந்தால், வெல்டிங்கால் நிரப்பி லைன் போரிங் (துளைகளை ஒரே நேர்கோட்டில் கடைந்தெடுப்பது) செய்ய வேண்டும். அதற்குக் கையடக்க இயந்திரத்தோடு வீட்டுக்கே வருபவர்கள் இருக்கிறார்கள். கிரைண்டரால் துளையைச் சரிசெய்ய முயல வேண்டாம்.

இதெல்லாம் கிரீஸ் அடிக்காததன் விளைவு. வேலை நாட்களில் தினமும், எடை இறங்காத நிலையில் கையை வைத்து, பழைய கறுப்புக் கிரீஸ் போய்ப் புதியது ஓரத்தில் எட்டிப் பார்க்கும்வரை அதிக அழுத்தம் தாங்கும் ஈபி-2 வகைக் கிரீஸ் அடிக்க வேண்டும். கிரீஸ் செலுத்தும் வாயான நிப்பிள் ஏற்கவில்லையென்றால் அதைவிட்டு அடுத்ததற்குப் போவதுதான் ஆபரேட்டர்களின் வழக்கம். அந்த ஒரு நிப்பிளுக்குக் கீழேதான் அடுத்த ஆண்டின் லைன் போரிங் செலவு இருக்கிறது. கழற்றி, டீசலில் ஊறவைத்து, கெட்டிப்பட்ட கிரீஸைக் குத்தி எடுங்கள்.

பூமில் விரிசல் தெரிந்தால் அதன் இரு முனைகளிலும் சிறு துளை போட்டு நிறுத்தி, வி-வடிவில் தோண்டி, உலர்ந்த 7018 வகை வெல்டிங் ராடால் நிரப்ப வேண்டும். மேலே வைக்கும் ஒட்டுத்தகடு சதுரமாக இருந்தால் அதன் ஓரத்திலேயே அடுத்த விரிசல் பிறக்கும், சாய்சதுரமாக வெட்டுங்கள். வெல்டிங்குக்கு முன் பேட்டரியையும் ஆல்டர்னேட்டரையும் துண்டித்து, எர்த் கிளிப்பை வெல்டிங் இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்டுங்கள். தூரத்தில் மாட்டினால் மின்னோட்டம் பின்களுக்கும் சிலிண்டர்களுக்கும் நடுவே பாய்ந்து அவற்றைப் பொரித்துவிடும்.

எஞ்சினைப் பற்றி நீங்கள் குறை ஒன்றும் சொல்லவில்லை. எனவே இரண்டு மட்டும் சொல்கிறேன். ரேடியேட்டருக்கு உங்கள் போர்வெல் தண்ணீரை ஊற்றாதீர்கள். மீஞ்சூர் வட்டாரத்தில் நிலத்தடி நீரில் கடல்நீர் ஏறியது 1960களின் இறுதியிலேயே அறியப்பட்ட செய்தி. அந்த உப்பு எஞ்சின் சிலிண்டரின் உட்குழலான லைனரையும் ரேடியேட்டரையும் தின்றுவிடும். காய்ச்சி வடித்த நீரும் கூலண்டும் கலந்து ஊற்றுங்கள். ஏர் ஃபில்டரின் உள் குழலைத் தட்டிச் சுத்தம் செய்யாதீர்கள், மாற்றுங்கள்.

இன்னொன்று உங்கள் பகுதிக்கே உரியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வண்டி தண்ணீரில் நின்றிருந்தால், ஆக்ஸில்களின் மூச்சுத்துளை வழியாகவும் ஹப் சீல்கள் வழியாகவும் உள்ளே நீர் போயிருக்கலாம். வடிதிருகைத் தளர்த்திப் பார்த்து, முதலில் நீரோ வெளுத்த ஆயிலோ வந்தால் முழுவதையும் மாற்றுங்கள். அந்த வெள்ளத்தில்தான் எண்ணூர்க் கழிமுகம் எண்ணெய் பூத்து, மீனவர் வலையும் படகும் கறுத்தன. ஆகவே வடித்த ஆயிலைக் கால்வாயில் கொட்டாமல், டிரம்மில் சேர்த்து, உரிமம் பெற்ற பழைய ஆயில் வியாபாரியிடம் கொடுங்கள். பிரேக் எண்ணெய் குறைந்திருந்தால் கார் பிரேக் ஆயிலை ஊற்றிவிடாதீர்கள்; இந்த வண்டிகளின் பிரேக் அமைப்பு மினரல் ஆயிலுக்கு உரியது, கார் பிரேக் ஆயில் பட்டால் அதன் ரப்பர் எல்லாம் கெட்டுப்போகும். மாஸ்டர் சிலிண்டருக்குப் பக்கத்து ஒட்டுச்சீட்டைப் படித்தபின் ஊற்றுங்கள்.

மாதக்கணக்கில் நிறுத்துவதானால் முடிந்தவரை எல்லா ராடுகளும் உள்ளே இருக்கும்படி நிறுத்தி, வெளியே தெரியும் பகுதியில் கிரீஸ் பூசுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை அந்தக் கிரீஸை மணலோடு துடைத்தெடுத்து, எல்லா அசைவுகளையும் ஒரு சுற்று ஓட்டி, மறுபடி பூசுங்கள். இந்த வாரத்துக்கு நீங்கள் செய்ய வேண்டியது மூன்று எண்களை எடுப்பது: குளிரில் லோடர் ஏறும் விநாடிகள், சூட்டில் ஏறும் விநாடிகள், மானி காட்டும் அழுத்தம். உறிஞ்சு வலையைக் கழுவிய பிறகும் சூட்டில் நேரம் ஒன்றரை மடங்குக்கு மேல் போய், ரிலீஃப் வால்வு சுத்தமாக இருந்தும் அழுத்தம் குறைவாகவே காட்டினால், அந்த மெக்கானிக் சொன்னது சரிதான், பம்பை வாங்குங்கள்.